கருவாட்டுச் சோதனை

1

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் இருந்தவரை அதற்காக அம்மாவிடம் வாங்காத ஏச்சு இல்லை. இப்போது நாற்பத்திரண்டு வயதாகிறது, நெதர்லாந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன், ஏசுவதற்கு அம்மாவும் இல்லை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். இங்கேயும் கப்பல் ஏஜென்சிதான்; கண்டெய்னர் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. உப்பு மூட்டைக்கும் துலிப் கிழங்குக்கும் காகிதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. என் வீட்டுக்காரர் இன்னாசி கப்பல் எஞ்சினியர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார், மீதிப் பாதி சோபாவில் இருப்பார். எங்களுக்கு ஒரே மகள், லியா. இந்த மார்ச் மாதம் அவளுக்குப் பதினாறு முடிந்தது.

பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள் காலையில் என் போன் அடித்தது. எங்கள் குடும்ப டாக்டரின் ஆபீஸ். இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்திலேயே இப்படி ஒரு டாக்டர் உண்டு. காய்ச்சலா, கால் சுளுக்கா, எதுவானாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அவரும் எதுவானாலும் முதலில் பாரசிட்டமால்தான் கொடுப்பார்.

“லியாவோடு பேச முடியுமா?” என்றாள் டாக்டரின் உதவியாளர் பெண்.

“நான் அவள் அம்மா. சொல்லுங்கள்.”

“மன்னிக்க வேண்டும். லியாவோடுதான் பேச வேண்டும்.”

“பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.”

“அவளுக்குப் பதினாறு ஆகிவிட்டது, மேடம். இனிமேல் அவள் சம்மதித்தால்தான் உங்களிடம் சொல்ல முடியும். எங்களிடம் இருப்பது உங்கள் நம்பர் போலிருக்கிறது. அதை மாற்றச் சொல்லுங்கள்.”

பிள்ளை பிறந்த மறுநாள் நான் கொடுத்த நம்பர் அது. தடுப்பூசிக்கும் காதுவலிக்கும் நடுச்சாமத்துக் காய்ச்சலுக்கும் அந்த நம்பரில்தான் பேசினார்கள். கேக் வெட்டி மூன்று நாளில் நான் மூன்றாம் மனுஷி ஆகிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் டச்சு மொழியில் வினைச்சொற்கள் எல்லாம் கண்ட இடத்தில் போய் உட்காரும். அன்றைக்கு ஒரு நிமிஷம் பேசியதில் வினைச்சொல்லே இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லி போனை வைத்தாள்.

நல்ல நாளா? பதினாறு வயதுப் பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போயிருக்கிறாள். எதற்குப் போவாள்? மாதாவே, எதற்குப் போவாள்?

2

எங்கள் பக்கம் கடற்கரைத் தெருக்களில், ஒரு புதுப்பெண் முழுகாமல் இருக்கிறாளா என்பதை டாக்டருக்கு முன்பே கருவாடு சொல்லிவிடும். அடுப்பில் கருவாடு பொரியும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினால் போதும். மாமியார்க்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குச் சீனி கொடுத்தனுப்புவாள். சிறு வயதில் இருந்து பார்த்த சோதனை இது. தப்பியதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆபீஸுக்கு லீவு சொன்னேன். சமையலறைக்குள் நடந்துகொண்டே யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை லியா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். போன வாரம் வயிறு வலிக்கிறது என்று படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பையனோடு சைக்கிளில் வருவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பெயர் டான். நல்ல பையன், குனிந்து வணக்கம் சொல்வான். அதுவே இப்போது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான் செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துவிடுங்கள். ஃப்ரீசரின் அடியில், மூன்று பிளாஸ்டிக் பைக்குள், ஒரு டப்பாவுக்குள் வைத்திருந்த வாளைக் கருவாட்டை எடுத்தேன். கழுவி, மிளகாய்ப்பொடி போட்டு ஊற வைத்தேன். லியா வருகிற நேரம் பார்த்து, ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, எண்ணெயில் போட்டேன்.

லியா கதவைத் திறந்தாள். பையைத் தரையில் போட்டாள். “உவ்வே” என்றாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கரண்டி கையில் இருந்து விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். அப்போது அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெரியவர் ஹெங்க் நின்றார், கையில் டார்ச் லைட். “உங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாய் ஏதும் உடைந்துவிட்டதா? நான் வேண்டுமானால் பார்க்கட்டுமா?” என்றார் மிகவும் அக்கறையாக. இல்லை, இது சமையல் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணீரைப் பார்த்தார், சமையலுக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று நினைத்திருப்பார். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

3

நான் அழுததற்குக் காரணம் லியா மட்டும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சகாயமேரி என் பள்ளித் தோழி. ஒன்றாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். அவள் வயதுக்கு வந்தபோது அவள் அப்பா தெருவை அடைத்துப் பந்தல் போட்டார். தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டு. பனைமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில், இன்னாருடைய மகள் பூப்பெய்தினாள் என்று மீன் ஏலம் விடுகிற இடம் வரை கேட்டது. நான் அவள் பக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டி உட்கார்ந்து மூன்று தட்டு லட்டைக் காலி செய்தேன். வயதுக்கு வந்ததை மைக் போட்டுச் சொன்னார்கள். அந்த வயதில் என்னென்ன நடக்கும், எதற்கு எது காரணம் என்பதை ஒருத்தரும் அவள் காதில்கூடச் சொல்லவில்லை. என் காதிலும் சொல்லவில்லை. உயிரியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்த அன்றைக்கு டீச்சர், “இதை வீட்டுல வாசிச்சுக்கிடுங்க” என்று பக்கங்களைத் தள்ளிவிட்டார். வீட்டில் வாசித்தால் அம்மா புத்தகத்தைப் பிடுங்கி வைத்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பில், அவளுக்குப் பதினேழு வயது. தெருவிலேயே ஒரு பையன், அவளைவிட ஒரு வயது மூத்தவன், கப்பல் வேலைக்காகக் காத்திருந்தவன். இருவரும் பழகினது எனக்குத் தெரியும். அவன் மும்பையில் கப்பலேறிப் போன இரண்டாம் மாதம், ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. சகாயம் உயிரை விடுவாள் அதற்கு. அன்றைக்கு ஒரு வாசம் பிடித்ததும் எழுந்து ஓடிக் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம், “ஒன் தொக்கைப் பாத்து சகாயம் புதுப்பொண்ணு மாதிரி ஓடுதாம்மா” என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அம்மா அடுத்த வீட்டுச் சித்தியிடம் சொன்னாள். ஜெபமாலை முடிவதற்குள் விஷயம் தெருமுனை தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவள் அதற்கு முன்பே மூன்று முறை மெடிக்கல் ஸ்டோருக்குப் போயிருக்கிறாள், சோதனைப் பட்டை வாங்க. கடை அண்ணாச்சி அவள் அப்பாவோடு சீட்டு ஆடுகிறவர். “என்னம்மா வேணும்?” என்று கேட்டதும் மூன்று முறையும் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். விஷயம் வெளியானதும் வீட்டில் அவளை ஆறுமுகநேரியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாரோ ஒரு பெண்மணி எதையோ கொடுத்தாள். இரத்தம் நிற்கவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து உயிரைப் பிடித்தார்கள். அதே பெரியாஸ்பத்திரியில் சட்டப்படி, காசில்லாமல், டாக்டர் கையாலேயே முதலிலேயே கருவைக் கலைத்திருக்கலாம் என்பது அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், அங்கே போனால் தெருக்காரர் பார்ப்பார்கள் என்று போயிருக்க மாட்டார்கள்.

சகாயம் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. நான் எழுதினேன். அவள் இடத்தில் என் பக்கத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான்தான் சொன்னேன் என்று அவளிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.

4

கருவாட்டை மூடி வைத்துவிட்டு நான் போன் போட்டது அந்தச் சகாயத்துக்குத்தான். வேறு யாருக்குப் போடுவேன்?

அவள் அழுது தீர்ந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். மறுவருஷம் தனியாகப் பரீட்சை எழுதினாள், நர்ஸ் படிப்பு படித்தாள், இப்போது திருச்செந்தூர் போகிற வழியில் கடற்கரைக் கிராமங்களுக்குச் சுகாதாரச் செவிலியர். சிவப்பு ஸ்கூட்டர். நாலு கிராமத்துக்குக் கேட்கிற சிரிப்பு. எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்ட ஒரு நல்ல மனுஷர், உப்பளத்தில் சூப்பர்வைசர். இரண்டு பையன்கள். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம். லியா அவளை, இந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லி, “சகாயம், நீ சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். சகாயத்துக்கு அது பெருமை. “எங்க வீட்டுக்காரரு கூட இப்பிடிக் கேட்டதில்லளா” என்பாள்.

அவளுக்கு அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சோற்றுக் கையோடு போனை எடுத்தாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் ஆபீஸ், டான், சைக்கிள், வயிற்றுவலி, வாளைக் கருவாடு.

அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“கருவாடா பொரிச்ச?” என்றாள்.

“ஆமா.”

“பிள்ள ஓடிட்டாளா?”

“ஓடிட்டா சகாயம்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சோறு தொண்டையில் ஏறி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் என்னவோ கேட்டார். “ஒண்ணுமில்ல, அமலி ஹாலந்துல லேப் தொறந்திருக்கா” என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “எனக்கு உசுரு போகுது, ஒனக்குச் சிரிப்பா வருதா?”

“பின்ன? ஏளா, அந்தப் பிள்ள பொறந்ததுல இருந்து கருவாட்டைக் கண்டா ஓடுதவதான. நீயே எத்தன தடவ எங்கிட்டப் பொலம்பியிருக்க.”

உண்மைதான். எனக்கு அது ஞாபகமே வரவில்லை. பயம் வந்தால் புத்தி ஊருக்குப் போய்விடுகிறது.

சிரிப்பு அடங்கியதும் சகாயம் தட்டைத் தள்ளி வைத்தாள். “அன்னைக்கு வேப்பமரத்தடில நான் ஓடுனதைச் சொன்னது நீதான?” என்றாள் சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல.

இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. ஆமா என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ளா. டிபன் பாக்ஸைத் தொறந்தது நீ ஒருத்திதான.”

“ஏன் இத்தன வருஷம் கேக்கல?”

“நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன். ஒனக்குத்தான் வாய் நீளமாச்சே, இதுக்கு மட்டும் நீளல.” விரலில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டில் வழித்துவிட்டாள். “எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ வெளிய சொன்னதுக்கு இல்ல, சின்னப் பிள்ள, தெரியாமச் சொல்லிட்ட. எங்கிட்ட வந்து என்னளா செய்யுதுன்னு ஒரு வார்த்த கேக்கலையே, அதுக்கு. அந்த ரெண்டு மாசமும் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை, கை கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்து, “அழுது முடிச்சிட்டியா? இப்ப மாடிக்குப் போ. கருவாட்டுகிட்டக் கேக்காத. என்கிட்டக் கேக்காத. பிள்ளைகிட்டப் போயிக் கேளு. ஏசாமக் கேளு” என்றாள்.

5

லியா கட்டிலில் கால் நீட்டி, மூக்கில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். ஏசாமல் ஆரம்பிக்கிற வாக்கியம் எனக்குப் பழக்கமில்லை. கடைசியில், “டாக்டர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. என்ன செய்யுது உனக்கு?” என்றேன்.

“ஓ,” என்றாள். “இரும்பு. ப்ளட்ல இரும்பு கம்மி. அதான் ரிசல்ட்.”

“வேற?”

அவள் ஸ்கார்ஃபை இறக்கி என்னைப் பார்த்தாள். அவள் கண் தன்னிடம் இருந்து வந்தது என்று இன்னாசி சொல்வார், ஆனால் அந்தப் பார்வை என்னுடையது. “மாசா மாசம் வயிறு ரொம்ப வலிக்குதுன்னு போனேன். டாக்டர் மாத்திரை தந்தாங்க. பிள்ளை வராம இருக்க எடுக்கிற மாத்திரைதான், வலிக்கும் அது கேக்குமாம். நீ கத்துவேன்னு சொல்லல.”

நான் கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். “டான்?” என்றேன்.

“அம்மா. டானுக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அப்படி ஏதும் இல்ல. எனக்கு இப்ப வேண்டாம். என்னைக்காவது வேணும்னா அதுக்கு முன்னாடியே எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்துட்டாங்க, டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். நீ பயப்படாதே” என்றாள்.

பயப்படாதே என்று என் மகள் எனக்குச் சொல்கிறாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அவளுக்குத் தெரிந்ததில் என் பங்கு என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் கருவாட்டை எதற்குப் பொரித்தேன் என்று கேட்டாள். சொன்னேன். கட்டிலில் இருந்து உருண்டு விழுந்தாள். “அது டெஸ்ட்டா? கடையில ஷாம்பூ பக்கத்துல தொங்குது அம்மா, டெஸ்ட்! வீடு நாறாது!”

மறுநாள் பல்பசை வாங்கப் போனபோது பார்த்தேன். தொங்கத்தான் செய்தது. ஷாம்பூவுக்கும் குழந்தைப் பவுடருக்கும் நடுவில், யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துப் போகிற உயரத்தில். பதினெட்டு வருஷமாக அந்த வரிசையில் நடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. அதன் முன் நின்று சகாயத்தின் மூன்று அட்டை தலைவலி மாத்திரையை நினைத்துக்கொண்டேன்.

ஊரில் இருந்து பேசுகிற உறவுக்காரர்கள், “அங்க பொம்பளப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துக் கெடுத்துடுவாங்களாமே” என்பார்கள். நானும் பயந்துதான் வந்தேன். ஆனால் பள்ளிப் பருவத்தில் தாயாகிற பிள்ளைகள் உலகத்திலேயே மிகக் குறைவாக இருக்கிற நாடுகளில் இதுவும் ஒன்று. கருக்கலைப்புக்குத் தடை இல்லாத நாடு, ஆனால் அந்த வயதில் அதற்குப் போகிறவர்களும் குறைவுதான். சொல்லித் தருகிறார்கள், கேட்டால் கிடைக்கிறது, கிடைத்ததை யாரும் மைக் போட்டுச் சொல்வதில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த டாக்டரம்மாவே பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார், உங்களைப் போல வெளியில் இருந்து வந்த வீடுகளின் பிள்ளைகள்தான் தாமதமாக, தனியாக, பயந்து வருகிறார்கள் என்று. வாசல் திறந்திருந்தாலும் வீட்டுப் பயம் காலைப் பிடித்துக்கொள்கிறது. லியா அப்படித் தாமதிக்காமல் நேரத்தோடு போனதற்கு நான் காரணம் இல்லை, அவள் தைரியம்தான் காரணம்.

நம்ம ஊர் எண்ணிக்கை என்ன என்று சகாயத்திடம் கேட்டேன். “எந்த எண்ணிக்கை? என்னை எந்த நோட்டுல எழுதுனாங்க?” என்றாள். இப்போது ஊரில் மெடிக்கல் ஸ்டோர் நிறைய வந்துவிட்டது, போனில் எல்லாம் பார்க்கிறார்கள், ஆனாலும் பயம் போகவில்லை என்றாள். பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். “சட்டம் பிள்ளையைக் காப்பாத்தத்தான் வந்திருக்கு. நம்ம ஆளுக அதைப் பாத்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராம ஓடுதாங்க. அங்கன கெடக்கு ஆறுமுகநேரி, இன்னமும்.”

6

இந்த ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். அதே வாரத்தில் சகாயத்தின் தங்கை மகள் ஜெனிக்குப் பூப்புச் சடங்கு. லியாவுக்குப் பன்னிரண்டு வயதில் நாங்கள் சடங்குப் பேச்சை எடுத்தபோது, “என் உடம்பு விஷயத்துக்கு எதுக்கு பார்ட்டி?” என்று கேட்டு வாயை அடைத்தவள் அவள். இப்போது பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வளையல் அடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். அவளுக்குச் சகாயம் ஒரு வேலை கொடுத்திருந்தாள்.

அந்த வேலை ஒரு தட்டு. சகாயம் பத்து வருஷமாகச் செய்கிற காரியம் இது. தான் போகிற சடங்கு வீடுகளுக்கெல்லாம், மற்றச் சீர்த் தட்டுகளோடு, சிவப்புத் துணி போட்டு மூடிய ஒரு தட்டையும் கொண்டுபோவாள். உள்ளே நாப்கின், இரும்புச்சத்து மாத்திரை, படம் போட்ட ஒரு சிறு நோட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய போன் நம்பர். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பிள்ளைகளை ஒரு அறையில் கூட்டிவைத்து, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் பேசுவாள். எது எப்படி நடக்கிறது, எதற்கு மாட்டேன் என்று சொல்லலாம், தப்பு நடந்துவிட்டால் எங்கே போகலாம், யாரிடம் போகக்கூடாது, எல்லாம்.

தட்டுகள் வரிசையாக வந்தன. மைக் பிடித்தவர் ஒவ்வொன்றையும் கூவினார். மாமன் வீட்டுப் பட்டு, அத்தை வீட்டு வளையல், லட்டு, மாதுளை. லியா கையில் மூடின தட்டு வந்ததும், “இது நர்ஸம்மா தட்டு, உள்ள இருக்கது பிள்ளைகளுக்கு மட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். அவருக்கும் பழகிவிட்டது.

அறை வாசலில் ஒரு சித்தி மறித்தாள். என் அம்மாவிடம் இருந்து அன்றைக்கு விஷயத்தை வாங்கிக்கொண்டு போன அதே அடுத்த வீட்டுச் சித்தி. எண்பது வயதாகியும் நிமிர்ந்து நின்றாள். “நல்ல காரிய வீட்டுல வெச்சு என்னத்தளா சொல்லிக் குடுக்கப் போற? பிள்ளைகளைக் கெடுக்கவா?”

சகாயம் சிரித்த முகம் மாறாமல் சொன்னாள், “சொல்லிக் குடுக்காம வெச்சுத்தான் நான் கெட்டேன் சித்தி. ஒங்களுக்குத் தெரியாததா?”

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கதவை விட்டு நகர்ந்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். “சரி, பேசு. ஆம்பளைக யாரும் வராம நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். முதலில் தலையைக் குனிந்து சிரித்தார்கள், பிறகு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கடைசியில் சகாயம் தன் கதையைச் சொன்னாள், பெயர் மறைக்காமல். வேப்பமரம், டிபன் பாக்ஸ், மூன்று அட்டை மாத்திரை, ஆறுமுகநேரி. ஜெனி கேட்டாள், “பெரியம்மா, ஒங்களைப் பத்தி வெளிய சொன்னது யாரு?”

சகாயம் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம், அவள் எனக்காக விட்டுவிட்டாள்.

“நான்தான்,” என்றேன்.

பன்னிரண்டு முகமும் திரும்பியது. லியாவுடையதும். அவளுக்கும் இது தெரியாது.

“அப்ப நீங்க என்ன அத்த செஞ்சிருக்கணும்?” என்றாள் ஜெனி.

“இவகிட்டப் போயி, என்ன செய்யுதுன்னு கேட்டிருக்கணும். கேட்டு, சொன்னதை எனக்குள்ள வெச்சிக்கிட்டு, கூடப் போயிருக்கணும்.”

சகாயம் அட்டைகளை அடுக்கி முடித்து, “சரி, எல்லாரும் பந்திக்குப் போங்க, பிரியாணி ஆறிரும்” என்றாள். பிள்ளைகள் வெளியே போன பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், ஒன்பதாம் வகுப்பில் வைப்பது போலவே. எனக்கு அது போதும்.

நாங்கள் பந்தலில் உட்கார்ந்தோம். முதல் கவளம் எடுக்கிற நேரம் பார்த்து, பின்வீட்டு அடுப்பில் யாரோ கருவாடு போட்டார்கள். கடற்காற்று அதை அப்படியே பந்தலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. எதிர்வரிசையில் இருந்த லியா எழுந்தாள். வாயைப் பொத்தினாள். வளையல் குலுங்க, பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

பந்தலில் அத்தனை பெண்களின் கையும் இலையில் நின்றது. அத்தனை கண்ணும் அவள் பின்னால் போய், அங்கிருந்து என்மேல் வந்தது. பக்கத்து இலைக்காரி என் காதருகில் குனிந்து, “அமலி, பிள்ளைக்கு என்னளா?” என்றாள்.

என் நீளமான வாயில் நூறு பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து, இலைகளுக்கு நடுவே நடந்து, குழாயடிக்குப் போனேன். லியா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “என்ன செய்யுது?” என்றேன்.

“நாறுதும்மா,” என்றாள்.

வேறொன்றும் இல்லையே என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பந்தலில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.